கீரைப்பிட்டு வீடு

என்னுடைய ஆய்வுப் பயணத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரும்படி ஒரு விழா மலர்க் குழு கேட்டிருக்கிறது. பயணமாம்! நான் போன பயணமெல்லாம் பண்டத்தரிப்பில் இருந்து கரவெட்டிக்குச் சைக்கிளில் போனதுதான். வல்லை வெளியில் எதிர்க்காற்றுப் பிடித்தால் இறங்கி உருட்டவேண்டும். இரண்டு மைலுக்கு ஒருதரம் செயின் கழரும். கையெல்லாம் கிறீஸ். இயக்கங்களின் அன்றாட வாழ்க்கையை ஆராய்ந்தவர் என்று இப்போது மேடைகளில் என்னை அறிமுகப்படுத்துகிறார்கள். கலாநிதிப் பட்டம்கூட இருக்கிறது, வேறு நாட்டில் வேறு விசயத்துக்கு வாங்கியது. முதல் ஆராய்ச்சிக்கு என்ன ஆனது என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்த ஆராய்ச்சியால் ஒரு பெண்ணுக்கு என்ன ஆனது என்று கேட்டதே இல்லை. மலருக்கு வேறு ஏதாவது அனுப்பிக்கொள்ளலாம். இது அவர்களுக்கு எழுதுவதல்ல.

எண்பத்து மூன்றில் நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில், நாங்கள் சொல்லும் கம்பஸில், வரலாறு படிப்பிக்கத் தொடங்கி ஒரு வருசம்கூட ஆகவில்லை. கொழும்புக் கலவரத்தில் அடி வாங்கிய சனம் கப்பலில் வந்து இறங்கியது. எங்கள் ஊர்ப் பெடியள் கொப்பி புத்தகங்களைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஆயுதம் தூக்கிய இயக்கங்களுக்குப் போனார்கள். அப்போது இயக்கம் ஒன்றல்ல, பல. ஒவ்வொன்றுக்கும் ஒரு கொள்கை விளக்கம், ஒரு பத்திரிகை, ஒரு சுவரொட்டி. எங்கள் துறையில் எல்லாரும் அந்தக் கொள்கை விளக்கங்களை வைத்துத்தான் ஆராய்ச்சி செய்தார்கள். ஒருவர் தேசிய இனப் பிரச்சினை, ஒருவர் வர்க்கம், இன்னொருவர் தேசிய இனப் பிரச்சினையில் வர்க்கம். எனக்கு அவையெல்லாம் ஒரே ஆள் மூன்று பேனையால் எழுதியது போலத்தான் இருந்தன. நான் கேட்க விரும்பிய கேள்வி ஒன்று. இத்தனை பெடியளுக்கும் யார் சோறு போடுகிறார்கள்?

பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடியும் வரைக்கும் என்னைப் பார்க்கவில்லை.

"என்ன பிள்ளை, சோறு கறியே சரித்திரம்?"

"சாப்பிடாமல் ஆரும் புரட்சி செய்ததா நான் வாசிக்கேல்லை, சேர்."

"உதை உம்மடை குசினியிலை இருந்து எழுதும். இஞ்சை வேண்டாம்."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவருக்கு ஞாபகம் கொஞ்சம் நீளம். அன்றிலிருந்து பத்து வருசம் நாங்கள் இருவரும் ஒரே தாழ்வாரத்தில் நடந்தோம், ஒருவர் வந்தால் மற்றவர் அறிவித்தல் பலகையை வாசிப்பார்.

அவர் சொன்னதற்காகவே குசினிகளுக்குப் போனேன், ஊர் வீடுகளின் சமையலறைகளுக்கு. அந்த நாட்களில் குடாநாட்டில் பார்சல் என்றால் ஒன்றுதான். காலையில் ஒரு பெடியன் சைக்கிளில் வந்து வாசல் படலையில் ஒரு கால் ஊன்றி நின்று, "அக்கா, மத்தியானத்துக்கு ஐஞ்சு பார்சல்" என்று சொல்லிவிட்டுப் போவான். அக்கா வாழையிலையை வாட்டி, சோற்றையோ பிட்டையோ வைத்து, கடதாசியால் சுற்றி, நாரால் கட்டி வைப்பார். பிறகு வேறு ஒருவன் வந்து எடுத்துப் போவான். யார் என்று அக்கா கேட்கக்கூடாது, அக்காவின் பெயரை அவன் கேட்கக்கூடாது. பிடிபட்டால் சொல்ல எதுவும் தெரிந்திருக்கக்கூடாது, அதுதான் விதி.

ஆனால் எந்த வீட்டுக்குப் போவது என்று அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டுமே. அதற்குச் சாப்பாட்டை வைத்தே வீடுகளுக்குப் பட்டம் வைத்தார்கள். எரிசம்பல் வீடு. களிச்சோத்து வீடு. ஒரு பெரிய கல்வீட்டுக்கு அரைமுட்டை வீடு என்று பெயர், ஏன் என்று விளக்கவேண்டியதில்லை. ஒரு வீட்டம்மா தன் வீட்டுக்கு உப்பில்லா வீடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அடுத்த நாள் ஒரு சிரட்டை உப்பைப் பருப்பில் கொட்டி அனுப்பினார். "திண்டிட்டுக் கடலிலை விழுந்து சாகட்டும்" என்று என்னிடம் சொன்னபோதும் அவருக்குக் கோபம் ஆறியிருக்கவில்லை. நான் இப்பட்டங்களையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதினேன். ஒரு பக்கத்தில் பட்டம், எதிர்ப் பக்கத்தில் உண்மைப் பெயரும் வீடு இருக்கும் ஒழுங்கையும்.

கரவெட்டிப் பக்கம் ஒரு ஒழுங்கையின் முடிவில் இருந்தது கீரைப்பிட்டு வீடு. அந்த வீட்டுப் பெண்ணுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். முருங்கையிலையைக் கிள்ளிப் போட்டு அவித்த பிட்டு, எந்த நாளும் அதுதான். பிள்ளைகள் இல்லை, புருசன் கூலி வேலை, நாலு ஆடு. அந்த ஒழுங்கையில் இருந்து வந்த பார்சலை எங்கள் ஊர் ஆட்கள் தொடமாட்டார்கள். ஏன் என்று யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவருக்கும் சொல்லத் தேவையில்லை. வெளியில் பிறந்தவர்களுக்காகச் சொல்கிறேன், சாதி. நான் பிறந்தது தொடாத பக்கத்தில்.

சாதி ஒழிந்துவிட்டது என்று எல்லா இயக்கங்களின் கொள்கை விளக்கங்களிலும் அச்சடித்திருந்தது. பெடியள் காவல் நிற்கும் சென்றியில் பார்சல் வந்து இறங்கும்போது என்ன நடந்தது என்று அதில் இல்லை. அந்த வீட்டுப் பார்சல் வந்தால் சில பெடியள், "எனக்குப் பிட்டு ஒத்துவராது மச்சான், நீ சாப்பிடு" என்று தள்ளி வைப்பார்களாம். பிட்டு ஒத்துவராத யாழ்ப்பாணத்தானை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

ஒரு சின்ன இடதுசாரி இயக்கத்துப் பெடியள் மட்டும் பார்சல் எடுத்துக்கொண்டு போகாமல் அந்த வீட்டுக் குசினிக்குள்ளேயே போய்ச் சம்மணம் கட்டி இருந்து சாப்பிட்டார்கள். தங்கள் தட்டைத் தாங்களே கழுவி வைத்தார்கள். அதில் இரண்டு பேர் எங்கள் பக்கத்துப் பெரிய வீட்டுப் பிள்ளைகள். அந்தப் பெண் இதை எனக்குச் சொன்னபோது பெருமையாகச் சொல்லவில்லை, இன்னும் நம்பமுடியாதது போலத்தான் சொன்னார். "தண்ணிச் செம்பைக்கூட வாய் வைச்சுக் குடிச்சவங்கள், ரீச்சர்." எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் தேடியது இதுதான். புரட்சி வாயில் இருந்து கைக்கு வந்ததா இல்லையா என்று பார்ப்பதற்கு இதைவிட வேறு சான்று எங்கே இருக்கிறது?

முதல் நாள் நான் போனபோதும் அவர் தட்டில் பிட்டை வைத்து என் முன்னால் நகர்த்தினார். "ரீச்சர் சாப்பிடுவியளோ?" என்று கேட்டுவிட்டு என் கையைத்தான் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. நான் சாப்பிட்டேன். என்னுடைய பெருமைக்காகத்தான் சாப்பிட்டேன், இப்போது ஒத்துக்கொள்கிறேன். இரண்டாம் தரம் கேட்டு வாங்கியது பசிக்கு. பிறகு போகும் நாளெல்லாம் சாப்பிட்டேன். வீட்டில் என் அண்ணைக்கு இது தெரியும். "கரவெட்டியிலை கடையோ கண்டு வைச்சிருக்கிறாய், கொழுத்துக்கொண்டு வாறாய்?" என்று கேட்பார். அதற்கு மேல் கேட்கமாட்டார்.

எண்பத்தாறில் ஒரு இயக்கம் மற்ற இயக்கங்களைத் தடை செய்தது. தடை என்பது பத்திரிகைச் சொல். தெருவில் நடந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை, பார்த்தவர்கள் பார்த்தார்கள். நேற்று வரைக்கும் பார்சல் கட்டிக் கொடுத்த அக்காமார் இன்று யாருக்குக் கொடுத்தோம் என்பதை மறக்கவேண்டி வந்தது. மறந்தார்கள். கீரைப்பிட்டு வீட்டுக்காரியும் வெளியில் மறந்தார். அன்றைய குழப்பத்தில் அந்தக் குசினியில் இருந்து சாப்பிட்ட பெரிய வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரும் அவரிடம்தான் ஓடி வந்தார்கள், தங்கள் வீடுகளுக்குப் போகவில்லை. பதினொரு நாள் ஆட்டுக் கொட்டிலுக்குள் வைத்திருந்தார். ஆடுகளுக்குக் குழை போடுவது போலப் போய்ப் பிட்டைக் கொடுத்துவிட்டு வருவார். பன்னிரண்டாம் நாள் அவர்கள் கடற்கரைப் பக்கம் போனார்கள். கடலைக் கடந்தார்களா, கடற்கரையிலேயே முடிந்துபோனார்களா, அவருக்குத் தெரியாது. இன்று வரைக்கும் எனக்கும் தெரியாது.

இதை அவர் எனக்குச் சொன்னது மூன்று வருசம் கழித்து, முருங்கையிலை கிள்ளிக்கொண்டு. நான் பேனையை எடுக்கவா வேண்டாமா என்று முழுசிக்கொண்டிருந்தேன்.

"எழுதுங்கோ ரீச்சர்."

"வில்லங்கம் வரும்."

"பேர் போடாமல் எழுதுங்கோ. ஆனா எழுதுங்கோ. அதுகள் என்ரை வீட்டிலை இருந்து சாப்பிட்டதுகள் எண்டு எங்கையாவது ஒரு இடத்திலை இருக்கட்டும். நான் செத்தா ஆருக்குத் தெரியும்?"

தொண்ணூற்றிரண்டில் எழுதினேன். பேப்பர் தட்டுப்பாடு. எங்கள் ஆய்விதழைப் பள்ளிக்கூடக் கொப்பிக் கடதாசியில் அச்சடித்தார்கள், நீலக் கோட்டுக்கு மேலே கறுப்பு எழுத்து. எண்ணெய் விளக்கு, புகை, கண்ணெரிவு. ஆனால் கவனமாக எழுதினேன். ஊரின் பெயர் இல்லை. ஒழுங்கை இல்லை. ஆட்களின் பெயர் ஒன்றுமே இல்லை. அரைமுட்டை வீடு, எரிசம்பல் வீடு, உப்பில்லா வீடு என்று பட்டங்களை மட்டும் போட்டேன். இதைவிடப் பாதுகாப்பாக எழுத முடியாது என்று நினைத்தேன். புனைபெயர் நான் தேடவே தேவையில்லை, வரலாறே தந்துவிட்டது என்று அண்ணையிடம் சொல்லிப் பீற்றிக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது. சந்தோசமாக இருந்தேன். விசரி, பைத்தியம்.

கருத்தரங்கில் பேராசிரியர் எழுந்து நின்று, "அடிக்குறிப்பு இருபத்தொண்டு: கீரைப்பிட்டு வீடு. நல்ல சான்றாதாரம். சுடச்சுடக் கிடைச்சதோ?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்த ஒருவரும் கட்டுரையை முழுதாக வாசித்திருக்கவில்லை. அவரும் வாசிக்கவில்லை, அடிக்குறிப்பைத்தான் வாசித்திருந்தார். ஆனால் அவர் வாரத்தில் ஒரு நாள் மற்றவற்றைத் தடை செய்த அந்த இயக்கத்தின் அலுவலகத்துக்குப் போய் ஆலோசனை சொல்லிவிட்டு வருவார். என்ன ஆலோசனை என்று ஒருவருக்கும் தெரியாது. அவருடன் சண்டை கொழுவிய ஆட்களை அங்கே கூப்பிடுகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் எங்கள் வீட்டுப் படலையில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஒரு மனிதர் உள்ளே வந்தார். கீரைப்பிட்டு வீட்டுக்காரியின் புருசன். நான் அவருடைய வீட்டில் எத்தனையோ தரம் சாப்பிட்டிருக்கிறேன், அவர் எங்கள் வீட்டுக்கு வருவது அதுதான் முதல் தரம். அண்ணை கதிரையை இழுத்துப் போட்டார். அவர் அதைப் பார்க்கவுமில்லை.

"என்ரை மனுசியைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்."

"ஆர்?" என்றேன். கேட்கவேண்டிய கேள்வியா அது.

"ஆரோ? உங்கடை பேப்பரை வாசிச்ச ஆக்கள்! ஆட்டுக் கொட்டிலாம், பதினொரு நாளாம், பிட்டாம். எல்லாம் அச்சடிச்சு வைச்சிருக்கினம். வந்து திண்டனீங்கள். திண்டதைச் சத்தியெடுத்த மாதிரி எழுதியும் போட்டியள்."

"நான் பேர் போடேல்லையே. ஒரு இடத்திலையும் பேர் இல்லை."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட வேறு ஒன்று இருந்தது, இவ்வளவு படித்தும் இப்படி ஒரு மொக்கா என்பது போல.

"பேரோ? அந்தப் பெடியளுக்கு எங்கடை பேர் எப்ப தெரியும்? அவங்களுக்கு நாங்கள் கீரைப்பிட்டு வீடுதானே! எந்த இயக்கத்தானைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு ஒழுங்கை காட்டுவான். நீங்கள் எங்கடை பேரைப் போட்டிருந்தாத்தான் ஒருத்தனுக்கும் விளங்கியிருக்காது!"

கோதாரி! தாலி கட்டின பெயர், பிறப்புச் சான்றிதழ்ப் பெயர், அதையெல்லாம் பூட்டி வைத்துவிட்டு, அவர்களுக்குத் தெரிந்த ஒரே பெயரை எடுத்து அச்சில் போட்டிருக்கிறேன். ஒன்பது வருசம் பார்சலை ஆராய்ந்த எனக்கு, அந்தப் பட்டம் யாருடைய வாயில் வழங்கியது என்று யோசிக்கத் தோன்றவில்லை. அவர் திரும்பிப் போகும்போது அண்ணை தண்ணீர் கொண்டு வந்து நீட்டினார். "எங்களுக்குத் தண்ணி தர இப்பதான் மனம் வந்ததோ?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்று பின்னேரம் கொப்பியை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். பட்டத்துக்கு எதிரே உண்மைப் பெயர் எழுதிய கொப்பி. நாளைக்கு என்னையும் கூப்பிடுவார்கள், வீட்டைச் சோதிப்பார்கள், இது கிடைத்தால் மற்ற வீடுகளின் கதையும் அதோடு சரி. ஒவ்வொரு தாளாகக் கிழித்து அடுப்பில் வைத்தேன். நான் அப்போது பதிந்திருந்த கலாநிதிப் பட்டத்துக்கு இருந்த ஒரே ஆதாரம் அது. அண்ணை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தால் கேத்திலைக் கொண்டு வந்து அடுப்பில் வைத்தார். "எரியிறது எரியுது, தேத்தண்ணியாவது குடிப்பம்" என்றார். நான் அழுதுகொண்டே அவரை ஏசினேன்.

கூப்பிடும் வரைக்கும் காத்திருக்காமல் அடுத்த நாள் நானே போனேன். ஓடிப்போனவர் ஒருவருடைய பெரிய வீடு அவர்களுடைய அலுவலகம். விசாரிக்க இருந்தவருக்கு முப்பது வயதுகூட இராது. மேசையில் என் கட்டுரை. கொப்பிக் கடதாசியில் பென்சிலால் கோடு கோடாகக் கீறியிருந்தார். சொன்னால் நம்பமாட்டீர்கள், என் கட்டுரையை முதல் எழுத்தில் இருந்து கடைசி அடிக்குறிப்பு வரைக்கும் ஒழுங்காக வாசித்த ஒரே ஆள் அவர்தான்.

"இருங்கோ அக்கா. நல்லா எழுதியிருக்கிறியள். நானும் அந்தப் பிட்டுச் சாப்பிட்டிருக்கிறன், சென்றியிலை நிக்கேக்கை."

"அந்த மனுசியை விடுங்கோ."

"அவ ஒண்டும் ஒத்துக்கொள்ளுறா இல்லை. ரீச்சர் எண்டு ஒருத்தரையும் தெரியாதாம். பெடியள் ஒருத்தரும் வந்து ஒளிக்கேல்லையாம். நீங்கள் பதினொரு நாள் எண்டு எழுதியிருக்கிறியள். ரெண்டு பேரிலை ஒராள் பொய் சொல்லவேணும்." அவர் பென்சிலை மேசையில் உருட்டினார். "ஆர் அக்கா?"

ஒன்றும் ஒத்துக்கொள்ளவில்லை. எத்தனை நாளாக? எப்படிக் கேட்டார்கள்? நான் அந்த மேசைக்கு முன்னால் இருந்து இதையெல்லாம் யோசிக்கக்கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நான்தான்" என்றேன்.

"ஏன் பொய் எழுதினனீங்கள்?"

"கட்டுரை எடுபட வேணும் எண்டு. கீரைப்பிட்டு வீடு எண்டு ஆரோ கதைக்கேக்கை கேட்டனான். மிச்சம் நானாக் கட்டினது."

அவர் நம்பவில்லை. நம்பவில்லை என்பதை மறைக்கவும் இல்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார், நல்ல தாள், கோடு இல்லாதது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அந்த வீட்டுக்கு நான் ஒருபோதும் போனதில்லை. அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது. அங்கே யாரும் ஒளித்திருந்ததாக, இருந்து சாப்பிட்டதாக நான் எழுதியது முழுக்கக் கற்பனை. கையெழுத்து வைத்தேன்.

"எனக்கு இந்தப் பேப்பர் காணும் அக்கா, வேறை ஒண்டும் வேண்டாம். அவ நாளைக்கு வீட்டை போவா. ஒரு பிரதி உங்கடை பேராசிரியருக்கும் குடுப்பம், அவருக்குத் தெரிஞ்சிருக்க வேணும்." எழுந்து வாசல் வரைக்கும் வந்தார். மிகவும் மரியாதை. "பிறகு எப்பவாவது நீங்களோ அவவோ இது உண்மை எண்டு ஒரு சொல் சொன்னாக்கூட, முதல்லை இருந்து தொடங்கவேண்டி வரும். அதையும் அவவுக்கு ஆரும் சொன்னா நல்லது."

சொல்லுகிறேன் என்றேன். ஆனால் நான் எப்படிப் போய்ச் சொல்வது? அந்த ஒழுங்கையில் என் சைக்கிள் தெரிந்தால் அதுவே சாட்சி. அண்ணையை அனுப்பினேன். புருசன் படலையைத் திறக்கவில்லை. உங்கள் ஆட்கள் ஒருவரும் இனி இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று உள்ளே இருந்தே சொல்லியிருக்கிறார். அண்ணை படலைக்கு மேலால் ஏதோ சொல்லிப் பார்த்திருக்கிறார், நாய்தான் கேட்டதாம்.

பேராசிரியருக்குத் தீபாவளி. என் கடிதத்தைப் பிரதி எடுத்து ஆட்களுக்குக் கொடுத்தார். தாழ்வாரத்தில் என்னைக் கண்டால் அறிவித்தல் பலகையை வாசிப்பதை விட்டுவிட்டு முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார். சான்று புனைந்தவள் என்று என் ஆய்வுப் பதிவை நீக்கினார்கள். என்னோடு ஒன்றாகச் சாப்பிட்ட சக விரிவுரையாளர்கள்கூட, "இருந்தாலும் இப்பிடிப் பொய் எழுதியிருக்கக்கூடாது" என்றார்கள். ஒருவராவது, ஒரே ஒருவராவது, அந்தக் கடிதம்தான் பொய்யாக இருக்குமோ என்று கேட்டாரா? வரலாற்றுத்துறை! ஒரு ஆவணத்தைக் கண்டால் அது எந்த மேசையில் வைத்து எழுதப்பட்டது என்று கேள் என்று முதலாம் வருசப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஆட்கள்! எனக்கு இன்றைக்கும் அவர்களை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

வேலையில் இருந்தும் என்னை நிறுத்துவது பற்றிப் பேச ஒரு காலையில் பேராசிரியர் தன் அறைக்குக் கூப்பிட்டார். கடிதத்தின் பிரதி மேசையில் கிடந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன், அவர் இரு என்று சொல்லவில்லை. அப்போது பியோன் வந்து எட்டிப் பார்த்தார்.

"சேர், ஒரு மனுசி வந்து நிக்குது. கரவெட்டியிலை இருந்தாம். ரீச்சரைக் காணவேணுமாம்."

"வரச் சொல்லும்" என்றார் பேராசிரியர். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் கீரைப்பிட்டு வீட்டுக்காரி உள்ளே வந்துவிட்டார்.

நல்ல சேலை கட்டியிருந்தார். தலையை இழுத்து வாரியிருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். இடக்கையை வயிற்றோடு ஒட்டிப் பிடித்திருந்தார், அது முன்பு இல்லாத பழக்கம். கம்பஸுக்குள் அவர் காலடி வைத்தது அதுதான் முதல் தரம். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேரே பேராசிரியரின் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"ஐயா, நீங்களோ இஞ்சை பெரியவர்?"

"ஓம், சொல்லம்மா."

"ரீச்சர் பொய் எழுதினவ எண்டு கதைக்கினமாம். வேலையாலை நிப்பாட்டப் போறியளாம். பஸ்ஸிலை பிள்ளையள் கதைச்சதுகள், கேட்டுக்கொண்டு வாறன். ஐயா, அவ பொய் எழுதேல்லை. நான்தான்..."

"ஆர் இவ?" என்று நான் கத்தினேன்.

கத்தினேன் என்றுதான் சொல்லவேண்டும். அவர் வாயில் இருந்து அந்தச் சொல் வெளியே வந்துவிடக்கூடாது. பேராசிரியர் கதிரையில் முன்னுக்கு வந்திருந்தார். கண்ணாடியை மாட்டியிருந்தார். வரும் வெள்ளிக்கிழமை அவர் அந்த இயக்கத்தின் அலுவலகத்துக்குப் போகும் நாள்.

"ரீச்சர்..." என்றார் அந்தப் பெண்.

"எனக்கு இவவைத் தெரியாது, சேர். நான் ஒருநாளும் கண்டதில்லை. ஆரோ விசர் மனுசி, வெளியாலை அனுப்புங்கோ."

கண்ணால் ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன். பேராசிரியர் என் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுவரைப் பார்த்தேன். அங்கே உதவி செய்ய வந்த பெண் அவர். என்னென்னவோ செய்து கேட்டும் ஒரு சொல் சொல்லாமல் இருந்து மீண்டவர், எனக்காக அந்தச் சொல்லை வலியக் கொண்டு வந்து மேசையில் வைக்கப் பார்த்தார். அதை இரண்டு கையாலும் வாங்கவேண்டிய நான் விசர் மனுசி என்றேன்.

அவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். இந்தத் தரம் என் கையைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையில் நான் ஏழெட்டுத் தலைமுறையாகத் தொடாத ஆளாக, எங்கள் ஊர்ப் பெரிய வீட்டுப் பெண்ணாக மட்டும் நின்றேன். ஆராய்ச்சியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

"என்னைத் தெரியாது."

"தெரியாது."

"அப்ப நீங்கள் என்ரை கையாலை வாங்கிச் சாப்பிட்டதும் பொய்தானோ?"

பேராசிரியர் பேனையின் மூடியைக் கழற்றியிருந்தார்.

"ஓம்" என்றேன்.

அவர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போனார். அவர் கேற்றைத் தாண்டிப் போகும் வரைக்கும் நான் அந்த இடத்திலேயே நின்றேன், பேராசிரியர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னேன்.